கம்பமும் கோயில்காடும்

ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலில் அம்மனுக்கு எதிரே ஒரு மரக்கம்பம் ஆண்டு முழுவதும் நிற்கிறது. கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் கம்பம் என்றால் அம்மனின் கணவர். திருவிழாவுக்குப் பூச்சாட்டியதும் மூன்று கிளையாகப் பிரியும் மரம் ஒன்றைப் பார்த்து வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றிக் கோயில் முன்னால் நடுவார்கள். பெண்கள் நாள்தோறும் குடத்தில் மஞ்சள் நீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். விழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். கரூரில் வைகாசித் திருவிழாவின் பெரிய நாளே கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும் நாள்தான். கம்பம் போனால் அம்மனின் மாங்கல்யமும் போயிற்று. அடுத்த பூச்சாட்டு வரைக்கும் அவள் தனி. ராசிபுரத்தில் அப்படி இல்லை. ஐப்பசித் திருவிழாவில் பழைய கம்பத்தை எடுத்த கையோடு புதியதை நட்டுவிடுகிறார்கள். கம்பம் இல்லாத நாளே இல்லாததால் இந்த அம்மன் நித்திய சுமங்கலி.

மாரி என்றால் மழை. மழை வாழ்க்கைப்பட்டது ஒரு மரத்துக்கு. சூழலியல் பாடப் புத்தகம் பல பக்கங்களில் சொல்லும் உறவை ஒரு கல்யாணமாகச் சொல்லி முடித்திருக்கிறது இந்த வழிபாடு. மண், நீர், மரம், விலங்கு ஆகியவை மனிதனின் உபயோகத்துக்காக மட்டும் இருப்பவை அல்ல, அவற்றுக்குச் செய்யவேண்டிய கடமை மனிதனுக்கு உண்டு, அந்தக் கடமையும் பக்தியைச் சேர்ந்ததே என்ற எண்ணத்தை இப்போது சூழலியல் ஆன்மிகம் என்கிறார்கள். காட்டை அழித்தால் என்ன ஆகும் என்று அறிவியல் சொல்லும். அழித்தவரைச் சட்டம் தண்டிக்கும், அதுவும் பிடிபட்டால்தான். ஆள் பார்க்காத இடத்தில் அரிவாளை ஓங்கிய கை தானாகத் தாழவேண்டுமானால் அதற்கு வேறொன்று தேவைப்படுகிறது.

உலக அளவில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது கடந்த அறுபது ஆண்டுகளில்தான். 1967-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட், இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று மேற்கத்தியக் கிறிஸ்தவம் கற்பித்ததே இன்றைய சூழல் கேட்டின் வேர் என்று எழுதினார். பெரிய விவாதம் கிளம்பியது. 1973-இல் நார்வே நாட்டுத் தத்துவ அறிஞர் ஆர்னே நெஸ், எல்லா உயிருக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்ற ஆழ்சூழலியல் கருத்தை முன்வைத்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ என்ற சுற்றுமடலில் பூமியைப் பொது வீடு என்று அழைத்து, அதைப் பேணுவது விசுவாசத்தின் பகுதி என்றார். இவையெல்லாம் எண்ணத்தை மாற்றினால் நடத்தை மாறும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. ராசிபுரம் வட்டாரத்தில் இது தலைகீழ். இங்கே முதலில் இருப்பது கட்டுப்பாடு. அதாவது இன்ன நாளில் இன்னது செய், இன்ன இடத்தில் இன்னது தொடாதே என்பது. விளக்கம் கேட்டால் சாமி குத்தம் என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

கம்ப வழிபாட்டின் வேர் பழையது. மன்றத்தில் நட்ட மரத்தூணில் தெய்வம் உறைவதாக நம்பி வழிபட்டதைச் சங்க இலக்கியம் பேசுகிறது. அந்தத் தூணுக்குக் கந்து என்று பெயர். பிறகு கற்கோயில் எழுந்தபோதும் மரம் வெளியேறவில்லை, தலமரமாகக் கோயிலுக்குள்ளேயே இடம்பிடித்துக்கொண்டது. சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்ணாவல் என்று ஊருக்கு ஒரு மரம் அமைந்தது. ஒரு வட்டாரத்தில் இயல்பாக வளரும் மரத்தில் ஒன்றையாவது வெட்டாமல் வைக்கவேண்டும் என்ற ஏற்பாடாகவும் தலமரத்தைப் பார்க்கலாம். தில்லை மரம் நிற்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சமவெளியில் பக்தியை மழைதான் நடத்துகிறது. ராசிபுரம் இருக்கும் நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிறது. அதுவும் நினைத்த மாதத்தில் வராது. மழை பொய்த்த ஆண்டுகளில் கொங்கு ஊர்களில் மழைச்சோறு எடுக்கும் வழக்கம் இருந்தது. பெண்கள் கூட்டமாக வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவார்கள்; உப்பில்லாத சோறாக இருந்தாலும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, ஊர்ப் பொதுவிடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிடுவார்கள். மழை இல்லாவிட்டால் ஊரை விட்டே போகவேண்டியதுதான் என்று வானத்துக்குச் சொல்லிக்காட்டும் சடங்கு அது. வசதியான வீட்டுச் சோறும் இல்லாத வீட்டுச் சோறும் அன்று ஒரே சட்டியில் கிடக்கும். வறட்சி தனித்தனி வீட்டின் கஷ்டமல்ல, ஊரின் கஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

இதே மக்கள் போகியன்று செய்யும் காப்புக்கட்டைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. மார்கழி முடியும் மாலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாகக் கட்டுவார்கள். சில வீடுகளில் மாவிலையும் தும்பையும் சேரும். வீட்டுக் கூரையின் நான்கு மூலை, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, தோட்டத்து வரப்பு, களம் என்று ஓரிடம் விடாமல் செருகுவார்கள். சிறுபீளை என்று சித்த மருத்துவம் சொல்லும் பூளைப்பூ வெள்ளைப் பஞ்சு ஒட்டிய குச்சிபோல இருக்கும். அதை யாரும் விதைப்பதில்லை. உழாத வரப்பிலும் தரிசிலும் தானாக முளைப்பது அது. ஆவாரையும் அப்படித்தான், வறண்ட மேட்டு நிலத்தில் வளரும் செடி, ஆடு மாடு அதிகம் சீண்டாது.

ஆகவே காப்புக் கட்டவேண்டுமானால் ஊரில் உழாத நிலம் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும். களைக்கொல்லி அடிக்காத வரப்பு வேண்டும். எந்தப் பள்ளத்தில் பூளை பூத்திருக்கிறது என்று தெரிந்த ஆள் வீட்டில் ஒருவராவது வேண்டும். பயிர் வைக்காத இடத்தில் தேனீயும் குளவியும் பிழைக்கின்றன. அவைதான் பக்கத்து வயலின் கத்தரிக்கும் அவரைக்கும் மகரந்தம் கொண்டுபோகின்றன. சடங்கு இதைச் சொல்லவில்லை, ஆனால் சடங்கு நடக்க இது தேவை. இப்போது போகிக்கு முதல் நாளே காப்புக்கட்டு கொத்துக் கொத்தாகக் கடைவீதிக்கு வந்துவிடுகிறது. நகரத்து வீடுகளில் சடங்கு தவறவில்லை என்பதற்கு அது சாட்சி. பூளை பூக்கும் வரப்பைத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதற்கும் அதே கொத்துதான் சாட்சி.

சேலம், நாமக்கல் சமவெளியின் காட்டுத்தெய்வம் முனியப்பன். மீசையும் உருட்டிய விழியும் ஓங்கிய வாளுமாக உட்கார்ந்திருப்பார். ஆடு, கோழி பலி உண்டு. சூழலியல் ஆன்மிகம் என்றதும் சைவச் சாப்பாட்டை நினைத்துக்கொள்பவர்கள் இங்கே கொஞ்சம் திகைப்பார்கள். முனியப்பனுக்கும் அவர்போன்ற எல்லைத் தெய்வங்களுக்கும் கூரை ஆகாது, வெயிலும் மழையும் மேலே படவேண்டும் என்பது பல ஊர்களில் நம்பிக்கை. நிழலுக்கு மரம்தான். வேம்பு, புளி, ஆல், அரசு, உசிலை என்று நான்கைந்து மரமாவது சுற்றி நிற்கும். உசிலையின் இலையைக் காயவைத்து இடித்தால் அதுதான் அரப்பு. கொங்கு நாட்டில் ஷாம்பு வருவதற்கு முன்பு தலைக்குத் தேய்த்தது, இன்றும் பலர் தேய்ப்பது. சாமி மரத்தில் இலையைக்கூடப் பறிக்காமல் வெளி மரத்தில் பறிப்பதே ஒழுங்கு.

ஆலும் அரசும் அத்தியும் சாமி மரமானதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. இந்த இனத்தின் ஒவ்வொரு வகை மரத்துக்கும் மகரந்தம் கொண்டுபோகத் தனக்கென்று ஒரு குளவி வகை உண்டு. அந்தக் குளவிகள் சாகாமல் இருக்க, மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்க்காமல் மாற்றி மாற்றிக் காய்க்கின்றன. மற்ற மரங்களில் பழம் இல்லாத காலத்திலும் எங்கோ ஓர் ஆலமரத்தில் பழம் இருக்கும். குயில், மைனா, பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதை நம்பிப் பிழைத்து, மற்ற மரங்களின் விதையையும் ஊரெல்லாம் எச்சமிட்டுப் பரப்புகின்றன. ஒரு வட்டாரத்தின் ஆலமரங்களை வெட்டினால் பறவைகளின் பஞ்சகாலச் சோறு போய்விடும். சாமி குத்தம் என்ற பயம் அந்தச் சோற்றைக் காத்து வைத்திருந்தது.

மரத்தடி மேடைக்கு டைல்ஸ் ஒட்டுவதும் அடிமரம் வரை சிமென்ட் பூசுவதும் இப்போது திருப்பணி ஆகிவிட்டன. வேருக்குக் காற்றும் வேண்டும், நீரும் வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டு அந்த மரத்துக்கே மாலை போடுகிறார்கள். அடிமரத்தில் கற்பூரம் கொளுத்துவதும் ஆணி அடித்துப் பலகை மாட்டுவதும் பட்டையைச் சாகடிக்கின்றன. மரத்தின் உணவு அந்தப் பட்டையின் உள்தோல் வழியாகத்தான் இறங்கிப் போகிறது. பணம் வந்த கோயிலில் மரம் சாவது அதனால்தான். இதைச் செய்பவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்ல, பக்தி அதிகமானவர்கள்.

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் கொல்லிமலை. சேந்தமங்கலம் பக்கம் காரவள்ளியிலிருந்து ஏறும் இன்னொரு சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகப் பெயர் பெற்றது. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த மேட்டு நிலம். சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட நாடு. இன்றும் ஆடி 17, 18-இல் செம்மேட்டில் ஓரி விழா நடக்கிறது. மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்று அவர்களின் பழங்கதை சொல்கிறது. ஊர்களை வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்று நாடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மலையில் மரங்களைச் சாமி காக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் காட்டைத் தெய்வத்துக்கென்று விட்டிருப்பார்கள். உள்ளே நடுகல்லோ வேலோ சிறு மேடையோ இருக்கும், அவ்வளவுதான். செருப்போடு நுழையக்கூடாது. பச்சை மரத்தை வெட்டக்கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூடப் பல காடுகளில் அடுப்புக்கு எடுத்துப்போவதில்லை. வேட்டை கிடையாது. சுற்றிலும் காபித் தோட்டமும் மரவள்ளிக் காடும் ஆகிவிட்ட இடத்தில் கோயில்காடு மட்டும் இருட்டாக நிற்கும். ஓங்கிய மரம், அதில் படர்ந்த கொடி, கீழே மட்கிய இலை, அந்த இலையடியில் ஈரம் என்று ஒரு பழைய காட்டின் அடுக்கு முழுவதும் சில ஏக்கரில் இருக்கும். சுள்ளி எடுக்காத கட்டுப்பாட்டின் பலன் அந்த ஈரத்தில் தெரியும். விழுந்த மரம் மட்கினால்தான் மண் பஞ்சுபோல மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் ஊற்றாகக் கசியவிடும். அந்த ஊற்றுத்தான் பக்கத்துக் குடியிருப்பின் குடிநீர்.

கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. சங்கப் பாடல்கள் குறிப்பிடும் கொல்லிப்பாவையே இவள் என்பது மரபு. காட்டுக்குள் புகுந்தவரைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடுவாள் என்று பழங்கதை. அன்பாகப் பேசும் கடவுளைத் தேடுபவர்களுக்கு இவளைப் பிடிக்காது. இந்த அம்மனின் கதை மலைக்குக் கீழே இருந்தவர்களை நோக்கிச் சொன்ன எச்சரிக்கைபோல இருக்கிறது. பிறகு மேலே ஏறி வந்தவர்களில் சிலர் அதற்கு அஞ்சவில்லை: 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடாக்க வழி செய்தது, அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக் கொல்லிமலை பாக்சைட் வெட்டும் இடமும் ஆனது.

வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரம் வைப்புத்தலமாகப் பேசும் இடம் இது. அம்பலவாணக் கவிராயர் பாடிய ‘அறப்பளீசுர சதகம்’ இந்தச் சாமியை முன்னிலைப்படுத்தியது. கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. சற்றுக் கீழே அதுவே ஆகாயகங்கை அருவியாக விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை பக்கம் இறங்குகிறது. ஆற்று மீன்களைப் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, துண்டுகள் ஒன்றுசேர்ந்து உயிர்பெற்று மறுபடி நீருக்குள் துள்ளியதாகத் தலபுராணம். மீன் சாமியின் வடிவம் ஆயிற்று. பிடிப்பதில்லை, வருபவர்கள் பொரி போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கோயில் துறையில் மீன் பிடிக்காத வழக்கம் கர்நாடகத்தில் சிருங்கேரி துங்கை ஆற்றிலும் உண்டு. ஆற்றின் நீளத்தில் கொஞ்ச தூரம் மீன் பிடிக்காமல் விட்டால் அங்கே பெரிய மீன் தங்கும். ஒரு பெரிய பெண்மீன் இடும் முட்டை பல சிறிய மீன்கள் இடுவதைவிட அதிகம். குஞ்சுகள் மேலும் கீழும் பரவி, பிடிக்க அனுமதி உள்ள இடத்தையும் நிரப்பும். மீன்வளத் துறைகள் இன்று மீன்பிடித் தடை மண்டலம் வகுப்பதும் இதே கணக்கில்தான். பொரிதான் கொஞ்சம் இடிக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் நீர் கெடும், பொரி வந்த பிளாஸ்டிக் பை அதைவிடக் கெடுக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆடி பதினெட்டுக் கூட்டம் இறங்கிய மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தால் மீனுக்கு இருக்கும் புனிதம் தண்ணீருக்கு இன்னும் வரவில்லை என்று தெரியும்.

நிலத்தைப் பேணும் பக்தி காட்டோடு நின்றுவிடுவதில்லை, அது வயலுக்கும் வருகிறது. முதல் விளைச்சலைச் சாமிக்கு வைத்த பின்பே வீட்டுக்கு எடுப்பது மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான வழக்கம். கொல்லிமலையில் அந்த விளைச்சல் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று வகை வகையாக உண்டு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று பாறை மண்ணில் வரும், ஒன்று மழை தவறினாலும் தாங்கும். ஒரே குடும்பம் இரண்டு மூன்று வகையை வைத்துக்கொண்டால் எந்த ஆண்டிலும் ஏதோ ஒன்று கைகொடுக்கும். விதையை மூங்கில் கூடையிலும் மண்பானையிலும் சாம்பலும் வேப்பிலையும் கலந்து பத்திரப்படுத்துவது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. சமவெளி மாரியம்மன் கோயில்களில் முளைப்பாரி எடுப்பதும் விதையோடு சேர்ந்த வழிபாடுதான். எந்த வீட்டு விதை எப்படி முளைத்திருக்கிறது என்பது ஊர்வலத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபின் ஜவ்வரிசிக்கு நிலையான விற்பனை வழியும் கிடைத்தது. மலை விவசாயிக்கு மரவள்ளி கையில் காசு கொடுத்தது. பிள்ளையைப் படிக்கவைக்கவும் கடனை அடைக்கவும் உதவியது. அதைக் குற்றமாகச் சொல்லமுடியாது. ஆனால் மண்ணுக்கு அது கடுமையான பயிர். செடிக்குச் செடி இடைவெளி அதிகம், வளர ஏறக்குறைய பத்து மாதம், பிடுங்கும்போது மண்ணைக் கிளறியே ஆகவேண்டும். சரிவில் இப்படிக் கிளறிய மண் அடுத்த மழையில் கீழே போகும். அடர்த்தியாக மண்ணை மூடி வளரும் சாமை மூன்று நான்கு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், உரமும் கேட்காது.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணத்தைப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். சாமைமேல் உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ரேஷனில் நெல்லரிசி கிடைக்கும்போது எவர் குத்துவார்? சென்னையில் 1988-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தபோது இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. ஊர்களுக்குச் சிறு அரவை இயந்திரங்கள் வந்தன, மகளிர் குழுக்கள் விதை வங்கி வைத்தன, சாமை அரிசியும் மாவும் பொட்டலமாகிக் கீழே சந்தைக்கு இறங்கின. பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்வதைவிட உலக்கையின் பாரத்தைக் குறைத்தது அதிகம் உதவியது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை அது.

இந்த மரபைப் பேசும்போது அதன் மறுபக்கத்தை மூடிவைப்பது நேர்மையாகாது. காட்டைக் காத்த அதே கட்டுப்பாடுகள் மாதவிலக்கு நாளில் பெண்ணை அந்தக் காட்டுக்குள் விடவில்லை. சமவெளியில் ஊர்ப் பொதுக் கோயில், பொதுக் கிணறு, பொது ஏரி என்றவை பல ஊர்களில் தலித் மக்களுக்குப் பொதுவாக இருந்ததில்லை. மண்ணில் அதிகம் உழைத்தவர்களே மண்ணின் தெய்வத்திடம் எட்டி நிற்கவேண்டியிருந்தது. கோயில்காட்டை மீட்கிறோம் என்று பழைய ஒழுங்கை அப்படியே மீட்டால் இதுவும் கூடவே திரும்பி வரும். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஊரே உட்கார்ந்து முடிவுசெய்யவேண்டும்.

சட்டமும் இப்போது கோயில்காட்டின் பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மகாராஷ்டிரக் கோயில்காடுகளை மாதவ் காட்கிலும் வர்த்தக்கும் ஆராய்ந்து 1970-களில் எழுதிய கட்டுரைகள் அறிவியலாளர்களின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பின. 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் சிறப்பு வாய்ந்த இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி முதலாவதாக அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு இரண்டாவது ஆயிற்று. வீரக் கருப்பணசாமியின் காடான அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு; ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் காத்துவந்த இடம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் கோயில்காடுகளை அளந்து காடாகப் பதிவு செய்யவும், நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்கவும் சொன்னது. 1730-இல் கேஜர்லி ஊரில் வன்னி மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து பிஷ்னோய் சமூகத்தவர் 363 பேர் உயிர்விட்டதாகச் சொல்லப்படுவதும் அதே ராஜஸ்தானில்தான். 2006-இன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் சமூகங்கள் தாங்கள் காத்துவரும் காட்டைத் தாங்களே நிர்வகிக்க உரிமை தருகிறது. மலையாளிகளைப் போன்ற பழங்குடிகளுக்கு இது பெரிய பிடிமானம்.

சமவெளியில் இதே வேலையை ஏரிக்குச் செய்யவேண்டியிருக்கிறது. ஊரார் ஆளுக்கு இத்தனை நாள் என்று வந்து ஏரியைத் தூர்வாரிக் கரை கட்டும் குடிமராமத்து முன்பு இருந்தது. ஆங்கிலேய அரசு 1858-இல் அதைக் கட்டாய வேலைச் சட்டமாக்கிப் பார்த்தது. மனம் வைத்துச் செய்த வேலை சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. தமிழ்நாடு அரசு 2017-இல் அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கியது. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 வாக்கில் குடிமக்கள் குழு ஒன்று இறங்கி, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டது. திட்டுகளில் மனிதர் கால் படாததால் பறவைகள் குடியேறின. அங்கே சாமி எதுவும் இல்லை. கால் படாத இடம் ஒன்றை விட்டுவைக்கும் கோயில்காட்டு உத்தி மட்டும் இருக்கிறது.

வழிபாட்டில் இருக்கும் மண்பற்றை வளர்ப்பதற்குப் புதிய மந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மரத்தடி மேடையில் அடிமரத்தைச் சுற்றி நாலடியாவது மண்ணாக விடலாம். கம்பத்துக்கு வெட்டும் மர இனத்தில் ஆண்டுக்குச் சில கன்றுகளைக் கோயில் நிலத்திலேயே நட்டு வளர்க்கலாம். முளைப்பாரிக்குக் கடையில் வாங்கிய விதைக்குப் பதில் வீட்டில் எடுத்த விதையைப் போடலாம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும் என்று 2002 பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டில் செடியின் உள்ளூர்ப் பெயர், வளரும் இடம், பூக்கும் மாதம், பயன் எல்லாம் எழுதவேண்டும். பூளை எந்த வரப்பில் முளைக்கும், எந்தக் காட்டில் எந்த மரத்தின் சுள்ளியைத் தொடக்கூடாது, சடஞ்சாமை எந்த மண்ணில் தேறும் என்பதைக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர் எழுதவேண்டுமானால், மார்கழிக் கடைசியில் அரிவாளோடு வரப்பில் நடக்கும் பாட்டிகளில் ஒருவரின் பின்னால் ஒரு சாயங்காலம் போய்வரவேண்டும்.